அவ்வொக்காத்தோவின் வாத்துப் படகு

சீனித்தம்பியின் மகளுக்குப் பதினெட்டு வயது நிறைய ஐம்பத்தொரு நாள் இருந்தபோது அந்த அலுமினியப் படகு பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தது. வட இத்தாலியில் யாரோ ஆற்றில் ஓட்டிக் களைத்து விற்ற பழைய படகு. நாலரை மீற்றர் நீளம், தட்டையான அடி. பச்சைப் பூச்சு உரிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. நகரின் ஒரேத்தோ பகுதியில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்குக்குள் அதை இழுவை வண்டியோடு தள்ளி நிறுத்திவிட்டு, வாங்கியவர் சீனித்தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

வாங்கியவர் ஒரு சட்டத்தரணி. இத்தாலியர்கள் சட்டத்தரணியை அழைக்கிற மாதிரியே அவனும் அவரை அவ்வொக்காத்தோ என்று அழைத்தான். லிபெர்த்தா வீதியில் ஒரு பெரிய வீட்டில் அவருடைய தாயார் இருந்தார், தொண்ணூற்றொரு வயதுச் சின்யோரா. அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்து, மாலையில் பல்கனியில் இருத்தி எடுப்பது ஐந்து வருடமாகச் சீனித்தம்பியின் வேலை. அவனுடைய பெயர் வாயில் நுழையவில்லை என்று அவ்வொக்காத்தோ முதல் நாளே அவனைத் தோனி ஆக்கிவிட்டார்.

கிடங்கில் அவர் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐம்பது வயது தாண்டிய மனிதர், அன்றைக்குப் புதுச் சைக்கிள் கிடைத்தவர் போல இருந்தார்.

"தோனி, இதை வாத்து வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். அம்மாவின் சக்கர நாற்காலியை நீதானே ஒட்டித் தந்தாய். உன் கை நல்ல கை. செப்டெம்பர் மூன்றாவது ஞாயிறு வேட்டை தொடங்குகிறது. அதற்கு முன் முடிய வேண்டும்."

புதுக்குடியிருப்பில் உழவு இயந்திரப் பட்டறையொன்றில் பத்து வருடம் தகடு தட்டியவன் அவன். படகின் அடியைத் தடவிப் பார்த்தான். ஆணித்தலைகள் பல தளர்ந்திருந்தன. செய்யலாம் என்று தெரிந்தது. உடனே ஓம் என்று சொல்லாமல், இரண்டு வருடமாகக் கேட்டு வந்ததையே திரும்பவும் கேட்டான்.

"அவ்வொக்காத்தோ, என் ஒப்பந்தம்."

அந்த ஒப்பந்தத்தில்தான் எல்லாம் தொங்கியது. சீனித்தம்பியின் மனைவி 2009 மே மாதம் இறுதிப் போரின் செல்லடியில் செத்தபோது மகள் தர்மிளாவுக்கு ஒன்றரை வயது. அவளுக்கு ஆறு வயதானபோது தமக்கை நாகபூசணியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டவன், பிறகு அவளை நேரில் காணவில்லை. பெர்மெசோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, கைக்கு வரவே பத்து வருடம் போனது. போன வருடம் நாகபூசணி புற்றுநோயில் போய்விட்டாள். தர்மிளாவைக் கிளிநொச்சியில் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே பதினெட்டு வயது வரைக்கும்தான் வைத்திருப்பார்கள். இத்தாலியிலும் அதே கணக்குத்தான். பதினெட்டுக்குள் விண்ணப்பம் போட்டால் தகப்பன் பிள்ளையைக் கூப்பிடலாம். ஒரு நாள் பிந்தினாலும் முடியாது.

விண்ணப்பத்துக்கு இரண்டு காரியம் வேண்டும். ஒன்று வீடு. அதை றோசமலர் ஏற்றுக்கொண்டிருந்தாள். மன்னாரிலிருந்து வந்தவள், ஒரேத்தோவில் தன் புருசனோடு இருந்தாள். தகப்பனும் மகளும் தன் வீட்டு அறையில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்து, நகரசபைச் சான்றிதழும் எடுத்துவிட்டாள். மற்றது வருமானம். சீனித்தம்பி ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் சின்யோராவோடு நிற்கிறான். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது கிழமைக்கு இருபது மணித்தியாலம். அந்த இருபதின் சம்பளத்துக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட விடமாட்டார்கள். தொழிலாளர் உதவி நிலையத்தில் இருந்த பெண் அவனுக்கு அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். முழுநேரம் என்று மாற்றி எழுத வேண்டும், வேலை கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வொக்காத்தோ படகின் முன்பக்கத்தில் கையை ஊன்றினார்.

"படகை முடி. முடித்தவுடன் ஒப்பந்தத்தை மாற்றுவோம். என் கணக்காளருக்கு அது ஒரு காலை வேலை."

"செப்டெம்பர் இருபத்தாறுக்கு முன்."

"நிச்சயமாக."

அன்று பின்னேரமே அவன் வேலையைத் தொடங்கினான்.

முதலில் படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் விட்டான். பிறகு அடியில் மல்லாந்து படுத்து, எங்கெங்கே சொட்டுகிறது என்று பார்த்துச் சோக்கட்டியால் வட்டம் போட்டான். முப்பத்தேழு வட்டங்கள் வந்தன. தண்ணீரை இறைத்துவிட்டு ஒவ்வொரு ஆணியாக இறுக்கினான். இறுகாதவற்றைத் துளைத்துக் கழற்றிப் புதிது அடித்தான். உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை அண்டை கொடுக்க வெளியே ஒருவர் தட்ட வேண்டிய வேலை அது. சனி ஞாயிறுகளில் றோசமலர் வந்து உள்ளே குந்தியிருந்து இரும்பைப் பிடித்தாள். காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடினாள்.

"உங்களைத் தோனி எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியிலை தோணிக்குள்ளையே இறக்கிப்போட்டார் அண்ணை" என்றாள்.

அவன் சிரித்தான். அந்த ஓகஸ்டில் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நடு இருக்கையை அறுத்தெடுத்தான். மற்ற இருக்கைகளின் கீழே மிதப்புக்காக வைத்திருந்த நுரைக்கட்டிகள் தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கிடந்தன. அவற்றைக் கிண்டி எறிந்துவிட்டுப் புதிது வைத்தான். தரைக்குப் பலகை வெட்டி, விளிம்பெல்லாம் பிசின் பூசி, மேலே கறுப்பு றப்பர் விரிப்பு ஒட்டினான். வாத்துக்குக் காது கூர்மை, சப்பாத்துச் சத்தம் தகரத்தில் கேட்கக் கூடாது என்று அவ்வொக்காத்தோ சொல்லியிருந்தார். வெளியே பளபளப்பு இல்லாத சேற்று நிறம் அடித்தான். மீனை உயிரோடு வைக்க ஒரு மூடித் தொட்டி, தூண்டில் தடிகளை நிறுத்த நாலு குழாய், மின்கலத்துக்கு ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் மடித்து விரிக்கக்கூடிய அலுமினியக் குழாய்ச் சட்டங்கள். அந்தச் சட்டங்களுக்கு றோசமலர் தன் தையல் இயந்திரத்தில் தடித்த துணி தைத்தாள். துணி முழுக்க வளையங்கள். வளையங்களில் நாணலைச் செருகினால் படகு ஒரு பற்றைபோல ஆகிவிடும், உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஊரே விடுமுறையில் போனது. கணக்காளரும் போய்விட்டார். சீனித்தம்பி காலை ஏழரைக்குச் சின்யோராவிடம் போய், ஐந்தரைக்கு அங்கிருந்து இறங்கி, பேருந்தில் ஒரேத்தோவுக்கு வந்து, வெளிச்சம் உள்ளவரை கிடங்கில் நின்றான். கிடங்குக்குள் மூச்சு முட்டும் வெக்கை. இரண்டு தரம் தலைசுற்றி இழுவை வண்டியின் சில்லில் சாய்ந்து இருந்தான். எழும்பியதும் நாட்களை எண்ணினான்.

தர்மிளா ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்துத் தொலைபேசியில் கதைப்பாள். பத்து நிமிடம் விடுவார்கள்.

"அப்பா, இல்லத்துச் சிஸ்டர் கேட்டவ, இருபத்தாறாம் தேதிக்குப் பிறகு ஆர் வந்து கூட்டிக்கொண்டு போறது எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"அப்பா எடுக்கிறார் எண்டு சொன்னன். விசா வர எவ்வளவு நாள் எண்டு கேட்டவ. எனக்குத் தெரியேல்லை எண்டன்." பிறகு, "உண்மையா எடுக்கிறீங்களோ அப்பா? இல்லாட்டில் சொல்லுங்கோ. நான் தையல் கடை ஒண்டு கேட்டு வைச்சிருக்கிறன்" என்றாள்.

"எடுக்கிறன் பிள்ளை."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பவும் நாட்களை எண்ணினான்.

செப்டெம்பர் முதல் கிழமை அவ்வொக்காத்தோ வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார். படகைப் பார்த்தவர் திருப்திப்பட்டார். பிறகு புதிதாக ஒன்று கேட்டார். பின்பக்கத்தில் ஏறி நிற்க ஒரு மேடை வேண்டும், துப்பாக்கியைச் சாத்தி வைக்க ஒரு தாங்கி வேண்டும்.

"மேடை கூடாது, அவ்வொக்காத்தோ. பக்கத் துணி உயரம். காற்று அதில் பிடிக்கும். மேலே ஆள் நின்றால் படகு சரியும்."

"நீ நடுவில் இருந்து பிடித்துக்கொள்வாய்."

"நானுமா?"

"வேறு யார்? இந்தப் படகை உன்னைப் போல அறிந்தவன் யார் இருக்கிறான்?"

மேடையையும் தாங்கியையும் செய்து முடிக்க இன்னும் ஒன்பது நாள் போனது. பதினேழாம் தேதி புதன்கிழமை திரும்பவும் தண்ணீர் விட்டுப் பார்த்தான். ஒரு சொட்டும் கசியவில்லை. அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே அவ்வொக்காத்தோவுக்குச் செய்தி அனுப்பினான்: படகு முடிந்தது. ஒப்பந்தம் எப்போது?

பதில் மறுநாள் வந்தது. வேட்டை தொடங்கட்டும், பிறகு பார்ப்போம்.

றோசமலர் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள்.

"பிறகு எண்டால் எப்ப? திங்களோ, அடுத்த வருசமோ?"

"தெரியேல்லை."

"படகுக்கு ஒரு ஓட்டையைப் போட்டு விடுங்கோ அண்ணை."

அதை அவனும் நினைத்திருந்தான். ஓட்டை போட்டால் தனக்கு என்ன கிடைக்கும் என்றும் நினைத்துப் பார்த்திருந்தான்.

ஞாயிறு விடியுமுன் பலெர்மோவுக்குப் பின்னால் உள்ள மலைகளைத் தாண்டி ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போனார்கள். படகை இறக்கி, துணியில் நாணல் செருகி, ஏமாற்றுக்குப் பிளாஸ்டிக் வாத்துகள் இருபதைத் தண்ணீரில் பரப்பிவிட்டு, கரையிலிருந்து எண்பது மீற்றர் தள்ளி நின்றார்கள். படகு நன்றாக நின்றது. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. இந்த மனிதருக்கு இவ்வளவு நல்ல படகைச் செய்து கொடுத்தோமே என்று சீனித்தம்பிக்கு நெஞ்சுக்குள் கசந்தது.

முதல் வாத்துக் கூட்டம் வந்தபோது அவ்வொக்காத்தோ மேடையில் எழுந்து நின்று சுட்டார். இரண்டு வாத்துகள் விழுந்தன. இரண்டாவது கூட்டம் காற்றோடு வந்தது. அவர் பக்கவாட்டில் திரும்பிச் சுட்டார், காற்று துணியில் அடித்தது, படகு ஒரு பக்கம் படுத்தது. சீனித்தம்பி மற்றப் பக்க விளிம்பில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினான். குளிர்ந்த தண்ணீர் உள்ளே வாளிக் கணக்கில் வந்தது. படகு நிமிர்ந்தது. அவ்வொக்காத்தோ குப்புற விழுந்து தொட்டியைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். துப்பாக்கி கீழே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் கரையிலிருந்து ஊதுகுழல் சத்தம் கேட்டது. வேட்டையைக் கண்காணிக்கும் காவலர்கள் இருவர், வெடிச்சத்தம் கேட்டுப் பிந்தி வந்தவர்கள், நின்றார்கள். ஒரு பெண், ஒரு ஆண். பெண்ணின் கழுத்தில் தொலைநோக்கி.

அவ்வொக்காத்தோ எழும்பி இருந்தார். அவர் தாழ்ந்த குரலில் வேகமாகச் சொன்னார்.

"படகில் இருந்து சுடுவது குற்றம். கைதாகும் அளவுக்குக் குற்றம். நான் கரையில் நின்று சுட்டேன். விழுந்ததை எடுக்கத்தான் படகில் வந்தோம். விளங்குகிறதா? நீயும் அதையே சொல்."

சீனித்தம்பிக்கு அதுவரை இது தெரியாது. மேடை கேட்டவர், தாங்கி கேட்டவர், அது குற்றம் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்.

கரையில் அந்தப் பெண் காவலர் அவ்வொக்காத்தோவிடம் நீண்ட நேரம் பேசினாள். அவர் கைகளை விரித்து விரித்து விளக்கினார். பிறகு அவள் சீனித்தம்பியிடம் வந்தாள்.

"இவர் எங்கே நின்று சுட்டார்?"

அவ்வொக்காத்தோ அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் ஒப்பந்தம் இல்லை. பொய்யைச் சொன்னால் விசாரணை இப்போதே முடிந்துவிடும், இவருக்குத் தன்னிடம் பிறகு எந்தத் தேவையும் இராது. இந்த இரண்டாவது யோசனை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

"எனக்கு இத்தாலிய மொழி நன்றாக வராது" என்றான். ஐந்து வருடம் சின்யோராவோடு நாள் முழுக்க அந்த மொழியில் கதைத்தவன்.

அவள் அவனுடைய பெர்மெசோவைப் படம் எடுத்தாள். படகையும் உள்ளும் புறமும் படம் எடுத்தாள். புதன்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வா, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைக்கிறோம் என்றாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

திங்கள் காலை சின்யோராவைக் குளிப்பாட்டி முடித்து, பாலும் பிஸ்கட்டும் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டான். பிறகு அவ்வொக்காத்தோவின் கந்தோருக்கு நடந்தான். இரண்டு தெரு தள்ளித்தான். இத்தனை வருடத்தில் அதற்குள் அவன் கால் வைத்ததில்லை. செயலாளர் பெண் நேரம் குறித்து வந்தீர்களா என்று கேட்டாள். இல்லை, காத்திருக்கிறேன் என்று கதிரையில் இருந்தான். பத்து நிமிடத்தில் கதவு திறந்தது.

"அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லை. சின்யோரா நல்லாக இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி கூட நிற்கிறாள்."

"பிறகு?"

"புதன்கிழமை அவர்கள் என்னைக் கேட்கப் போகிறார்கள்."

"என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குச் சொல்லிவிட்டேன்."

சீனித்தம்பி மடித்து வைத்திருந்த தாளை மேசையில் விரித்தான். உதவி நிலையத்துப் பெண் எழுதிக் கொடுத்த தாள்: என்ன மாற்ற வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும்.

"புதன்கிழமை என்ன சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியாது, அவ்வொக்காத்தோ."

அவர் தாளைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம் கூட இருந்தது. ஒரு தளபாடம் வாய் திறந்ததுபோல.

"நீ என்னை மிரட்டுகிறாயா? என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு?"

"என் மகளுக்கு வெள்ளிக்கிழமை பதினெட்டு வயது."

"உன்னை இன்றைக்கே நிற்பாட்டலாம். அது தெரியுமா?"

"தெரியும்."

சீனித்தம்பி தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினான். வெளியே பேருந்து ஒன்று நின்று புறப்பட்டது. அவ்வொக்காத்தோ தொலைபேசியை எடுத்துக் கணக்காளரை அழைத்தார். பேசி முடிக்கும்வரை அவன் பக்கம் திரும்பவில்லை.

பின்னேரம் நாலு மணிக்குப் புது ஒப்பந்தம் அவன் கையில் இருந்தது. முழுநேரம் என்று எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை உதவி நிலையத்துப் பெண் எல்லாத் தாள்களையும் கணினியில் ஏற்றினாள். ஒரு தாளின் எழுத்து மங்கல் என்று அது திருப்பி அனுப்பியது. அவள் திரும்ப ஏற்றினாள். இணையம் நின்றது. அவன் எழுந்து சுவர்ப் பக்கம் போய் நின்றான். முக்கால் மணித்தியாலம் கழித்து அவள் கூப்பிட்டு, திரையில் தேதியைக் காட்டினாள். செப்டெம்பர் இருபத்துமூன்று. விண்ணப்பம் பதிவாகிவிட்டது.

அவன் வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் குந்திவிட்டான். ஒரு கிழவர் நின்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை அலுவலகத்தில் அதே பெண் காவலர் இருந்தாள். மொழிபெயர்க்க அபிதா என்றொரு இளம்பெண் வந்திருந்தாள், பலெர்மோவில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மேசையில் படகின் படங்கள் பரப்பியிருந்தன.

"இதைச் செய்தது யார்?"

"நான்."

"இந்த மேடை எதற்கு?"

அபிதா மொழிபெயர்க்குமுன்பே அவனுக்கு விளங்கியது. ஆனாலும் அவள் முடிக்கும்வரை காத்திருந்தான்.

"தூண்டில் வீச. ஏறி நிண்டால் தூரத்துக்கு எறியலாம்."

"பக்கத்துத் துணி?"

"வெயிலுக்கு."

"நாணல் செருகும் வளையங்கள்?"

"துணியைக் கட்டுறதுக்கு."

"இந்தக் கவட்டை போன்ற தாங்கி? துப்பாக்கி அளவுக்கு இருக்கிறதே."

"தூண்டில் தடி சாத்த."

தடிகளுக்குத்தான் நாலு குழாய் இருக்கிறதே என்று அவள் படத்தில் விரலை வைத்தாள். அவன் அந்தப் படத்தைப் பார்த்தான். ஒவ்வொன்றையும் அளந்து வெட்டி அராவிய கை தன்னுடையதுதான். அந்தப் படகில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவனால் மணிக்கணக்கில் உண்மை சொல்ல முடியும்.

"அது பெரிய தடிக்கு" என்றான்.

"ஞாயிறு காலை அவர் எங்கே நின்று சுட்டார்?"

"கரையிலை."

அபிதா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தாள். பெண் காவலர் எழுதினாள். எழுதிய தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

"பொய்யென்று நிரூபணமானால் உன் பெர்மெசோவுக்குப் பிரச்சினை வரும். தெரிந்துதான் கையெழுத்து வைக்கிறாயா?"

"ஓம்."

பேனையை எடுத்தபோது அவனுக்கு 2010இல் ஒரு கந்தோர் ஞாபகம் வந்தது. மனைவியின் மரணப் பதிவுக்குப் போயிருந்தான். காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்து வை, இன்றைக்கே தருகிறேன் என்றார் மேசையில் இருந்தவர். அவன் வைக்கவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அந்தத் தாளுக்காக மூன்று வருடம் அலைந்தான். செல்லடியில் செத்தவளைக் காய்ச்சலில் செத்தவள் என்று எழுத அவனால் முடியவில்லை.

இப்போது எழுதினான். தன் பெயரை முழுதாக, தமிழில்.

வெளியே படியிறங்கும்போது அபிதா பின்னால் வந்தாள்.

"அங்கிள், நீங்கள் நல்லா இத்தாலியன் கதைப்பீங்கள் எல்லோ. கோயிலிலை கேட்டிருக்கிறன்."

"ஓம் பிள்ளை."

அவள் தலையாட்டிவிட்டு முன்னால் இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை தர்மிளாவை இல்லத்திலிருந்து விட்டார்கள். வவுனியாவில் இருந்த றோசமலரின் தங்கை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் நாலு பிள்ளைகள், இரண்டு அறை. தையல் கடையில் வேலை செய்தபடி அவள் அங்கே குசினித் தரையில் படுத்தாள். ஒரு நாளும் முறைப்பாடு சொல்லவில்லை. அது அவனை இன்னும் வாட்டியது.

அவ்வொக்காத்தோவின் மீதான விசாரணை, சுட்டதைக் கண்ட சாட்சி இல்லாமல் நின்றுபோனது. துப்பாக்கி திரும்பி வந்தது. ஒக்டோபரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சீனித்தம்பி அவரோடு படகில் போனான். இப்போது அவர் இன்னும் ஒதுக்கமான மூலைகளைத் தேடினார். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார், தோனி என்றுகூட. மேடையில் நின்று சுட்டார். அவன் எதிர்ப்பக்க விளிம்பில் பாரத்தைப் போட்டுப் பிடித்தான். திரும்ப அகப்பட்டால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்தும் பிடித்தான். மகளுக்கு அனுமதி வரும்வரை அவர் ஒப்பந்தத்தை முறிக்காமல் இருக்க வேண்டும்.

டிசெம்பரில் சின்யோராவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். சின்யோரா போய்விட்டால் ஒப்பந்தமும் போய்விடும். சீனித்தம்பி பதினாறு நாள் அந்த வீட்டை விட்டு இறங்கவில்லை. அவரை நிமிர்த்தி இருத்தி முதுகைத் தட்டினான். கரண்டி கரண்டியாகச் சூப்புப் பருக்கினான். மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்தில் கிடந்தான். மகளுக்காகச் செய்கிறானா, இந்தக் கிழவிக்காகச் செய்கிறானா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு காலை அவர் கண்ணைத் திறந்து, நீ வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டபோது அவன் அழுதுவிட்டான். அவருக்குக் காரணம் விளங்கவில்லை. அவன் தலையைத் தடவினார்.

அனுமதி ஜனவரி கடைசியில் வந்தது. விசா மார்ச்சில். தர்மிளா விமான நிலையக் கதவால் வெளியே வந்தபோது அவன் அவளுக்குப் பின்னால் வந்த சின்னப் பெண்களுக்குள் மகளைத் தேடிக்கொண்டிருந்தான். உயரமான ஒரு பெண் முன்னால் வந்து நின்று, "அப்பா" என்றாள்.

றெயிலில் நகரின் நடு நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே வரை இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். அவள் கடலைப் பார்த்தாள். அவன் அவளுடைய கையைப் பார்த்தான், ஊசி குத்திய தழும்புகள்.

ஒரு கிழமைக்குப் பிறகு அவ்வொக்காத்தோவின் செய்தி வந்தது: வேட்டைக் காலம் முடிந்தது, இனி மீன். ஞாயிறு ஐந்து மணிக்கு.

தர்மிளா அதைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டாள். குசினி மேசையில் இருந்து அவன் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னான். ஒப்பந்தம், மேடை, கந்தோரில் மேசைக்கு முன்னால் நின்றது, கரையில் நின்று சுட்டார் என்று எழுதிக் கொடுத்தது. தேத்தண்ணி ஆறிப்போனது.

"அந்தக் காவல்காரி உங்களை நம்பினவவோ?"

"இல்லை."

அவள் ஆறிய தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள்.

"இனி அந்தப் படகிலை போகாதேங்கோ அப்பா. நான் வந்திட்டன்தானே."

திங்கள் காலை அவன் அவ்வொக்காத்தோவிடம் சொன்னான். சின்யோராவைப் பார்த்துக்கொள்கிறேன், படகுக்கு இனி வரமாட்டேன். அப்படியென்றால் ஒப்பந்தம் பழையபடி இருபது மணித்தியாலம் என்றார் அவர். விருப்பம்போல் செய்யுங்கள், இருபது என்று எழுதினால் இருபதுதான் நிற்பேன், மிச்சத்துக்கு வேறு வீடு பார்க்கிறேன் என்றான் சீனித்தம்பி. அவர் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

உள்ளறையில் சின்யோரா கூப்பிட்டார். குளிக்க வேண்டிய நேரம். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனான்.